பிடிபட்டவனின் பெயர்

திருவண்ணாமலையில் ஆண்டுக்கு ஒருமுறை ஆண்டவனே திதி கொடுக்கிறார். மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் கோயிலை விட்டுப் புறப்பட்டு, ஊருக்கு வெளியே பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக் கரைக்கு எழுந்தருளுகிறார். வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை ஸ்தானத்தில் இருந்து அவர் செய்ய வேண்டிய காரியம் அங்கே நடக்கிறது. அதற்கு முந்திய தை மாதத்தில், தீர்த்தவாரி முடிந்து சுவாமி திரும்பும்போது, வல்லாளன் மாண்டான் என்ற செய்தி வந்து சேர்கிறது. மேளமும் நாதசுரமும் அத்துடன் நின்றுவிடுகின்றன. ஓசையில்லாமல் சுவாமி கோயிலுக்குத் திரும்புகிறார். பிள்ளையில்லாத அரசனுக்கு, தாமே பிள்ளையாக இருப்பதாக இறைவன் வாக்குக் கொடுத்தார் என்பது ஐதிகம். அந்த வாக்கு இன்றும் நிறைவேற்றப்பட்டு வருகிறது.

வல்லாளன் போரில் இறந்தான் என்றுதான் ஊரில் சொல்லுவார்கள். உண்மையில் அவன் போரில் இறக்கவில்லை. போர் முடிந்த பிறகு, எதிரியின் கையில் கைதியாக இருந்தபோது இறந்தான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறியதல்ல. அதைப் பற்றித்தான் இங்கே வாசகர்களோடு பேச விரும்புகிறேன்.

ஹொய்சள அரசர்களில் மூன்றாம் வீர வல்லாளன் திருவண்ணாமலையையும் தன் தலைநகராக வைத்துக்கொண்டவன். 1342-ஆம் ஆண்டை ஒட்டி, மதுரை சுல்தானின் படையைக் கண்ணனூர்க் கொப்பத்தில் முற்றுகையிட்டான். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு உணவு தீரும் தறுவாயில், சமாதானம் பேச அவகாசம் கேட்டார்கள். வல்லாளன் கொடுத்தான். அந்த அவகாசத்தில் சுல்தான் கியாசுத்தீன் வந்து பாய்ந்தான். வல்லாளன் பிடிபட்டான். அப்போது அவனுக்கு வயது எண்பது.

இதைச் சொல்லுகிறவர் உலகம் சுற்றிய இப்னு பதூதா. அவர் வல்லாளனுக்கு வேண்டியவர் அல்லர். சுல்தானும் அவரும் உடன்பிறந்த சகோதரிகளை மணந்தவர்கள்; சகலர்கள். அவர் எழுதி வைத்திருப்பது இது: விடுதலை தருவதாகச் சொல்லி, சுல்தான் அந்தக் கிழவனிடமிருந்த பொன், யானை, குதிரை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். வாங்க இனி ஒன்றுமில்லை என்றான பிறகு கொன்றான். உடலின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரை மதிலில் தொங்கவிட்டான். தொங்கியதைத் தம் கண்ணால் கண்டதாக இப்னு பதூதா சொல்லுகிறார்.

இதைப் படிக்கும்போது நம் மனம் பதறுகிறது. ஆனால் அதே முற்றுகையில் இரு பக்கத்திலும் ஆயிரக்கணக்கானவர்கள் வெட்டுண்டு செத்திருக்கிறார்கள். அவர்களுக்காக நாம் இப்படிப் பதறுவதில்லை. ஏன்? இந்தக் கேள்வியைப் பலநாள் யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த விடை எளியது. களத்தில் நிற்பவன் கையிலும் வாள் இருக்கிறது. அவன் கொல்லலாம், ஓடலாம், பணியலாம். பிடிபட்டவனிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. அவன் சாப்பிடுவதும் தூங்குவதும் மறுநாள் விழிப்பதும் பிடித்தவன் மனத்தில் இருக்கின்றன. ஒரு மனிதனின் முழு உயிரும் இன்னொரு மனிதனின் கையடக்கமாகிவிட்ட நிலை அது. கைக்குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள நிலையும் ஏறக்குறைய இதுதான். அன்பு மட்டும்தான் குறைவு. அந்த இடத்தில் அன்பு இல்லாவிட்டால், அதற்குப் பதிலாக ஏதாவது ஒரு கட்டுப்பாடு இருந்தே ஆகவேண்டும்.

இதை ஒரு மதத்தார் மீது சாட்டுகிற கதையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சுல்தான் காடுகளில் பிடித்து வந்த கிராமத்துக் கைதிகளைப் பெண்டு பிள்ளைகளோடு கழுவேற்றியதைப் பார்த்து, காஜியாக இருந்து நீதி சொன்ன அந்த முஸ்லிம் யாத்திரிகரே மனம் கசந்து எழுதியிருக்கிறார். வேறெந்த அரசனும் இப்படிச் செய்து தாம் கண்டதில்லை என்கிறார். கைதிக்கு உணவளிப்பவரைக் குர்ஆன் புகழ்கிறது. நம் பக்கத்துப் பழங்கதைகளும் தூய்மையானவை அல்ல. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானிடம் பிடிபட்டுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். உடனே தரவில்லை, மறுபடி கேட்ட பின்பே கிடைத்தது. அவன் அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல் உயிரை விட்டான். புறநானூற்றில் அவன் பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. பள்ளியில் இதை மானத்தின் கதையாக நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதே கதை சிறைக்காவலனின் கதையும்தானே? ஒரு செம்புத் தண்ணீரைத் தாமதிக்கிற அதிகாரம் கையில் வந்தால், ஒரு சாதாரண மனிதன் அதை எப்படி அனுபவிக்கிறான் என்பதல்லவா அதில் இருக்கிறது?

எங்கள் தெருவில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் 'மிலிட்டரிக்காரர்'. 1971 யுத்தத்தின்போது இளைஞர். யுத்தத்துக்குப் பின் பாகிஸ்தான் கைதிகளை வைத்திருந்த முகாம் ஒன்றில் சில மாதங்கள் காவல் இருந்தவர். அந்த யுத்தத்தில் ஏறக்குறைய 93,000 பேர் நம் கையில் பிடிபட்டார்கள் என்பதும், அவர்கள் பின்னால் ஊர் திரும்பினார்கள் என்பதும் சரித்திரம். மாலையில் கிரிவலப் பாதையில் நடக்கும்போது அவரும் நானும் இந்த விஷயத்தைப் பலமுறை பேசியிருக்கிறோம். பேசியிருக்கிறோம் என்பதைவிடச் சண்டை போட்டிருக்கிறோம் என்பது பொருந்தும்.

"சார், நீங்க கதை எழுதறவரு. எதிராளியைப் பார்த்தா உங்களுக்குப் பரிதாபம் வரும். எனக்கும் வரும், அவன் சிப்பாயா இருந்தா. யூனிஃபார்ம் போட்டு, நேருக்கு நேரா நின்னு சண்டை போட்டவன் பிடிபட்டா, அவனுக்குச் சோறு போடணும், வைத்தியம் பார்க்கணும். செஞ்சோம். ஆனா பஸ்ஸிலே குண்டு வைக்கிறவனுக்கும் அதே மரியாதையா?"

இது இலேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. உலகத்தில் பெரிய பெரிய சர்க்கார்கள் கேட்ட கேள்விதான் இது.

முதலில் அவர் ஒப்புக்கொண்ட பாதியைப் பார்ப்போம். 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் தேதி ஜினீவாவில் நான்கு ஒப்பந்தங்கள் ஆயின. இந்தியா 1950-இல் அவற்றை ஏற்றது. 1960-இல் அதற்கென்று சட்டமும் இயற்றியது. சாதாரண காலத்தில் நம் ஜனங்கள் இதைப் பற்றி நினைத்ததே இல்லை. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் தேதி விங் கமாண்டர் அபிநந்தன் விமானம் வீழ்ந்து பாகிஸ்தானில் பிடிபட்டாரே, அன்று நினைத்தோம். அவருடைய பூர்விக கிராமமான திருப்பணமூர் நம் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட அந்த இரண்டு மூன்று நாள் ஜினீவா ஒப்பந்தம் பேசினார்கள். முகத்தில் ரத்தத்தோடு அவர் நின்று, தம் பெயரையும் எண்ணையும் சொல்லிவிட்டு, அதற்குமேல் சொல்லக் கடமைப்பட்டவனில்லை என்ற கருத்தில் பதில் சொன்னதைத் தேசமே பார்த்தது. பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண்: கைதியிடம் இவ்வளவுதான் கட்டாயமாகக் கேட்கலாம் என்று ஒப்பந்தத்தின் 17-ஆம் ஷரத்து சொல்லுகிறது. மார்ச்சு 1-ஆம் தேதி அவர் வாகா எல்லையைக் கடந்து வந்தபோது, நாம் நிம்மதியாக மூச்சு விட்டோம். நம் பிள்ளை ஒருவன் எதிரியின் கையில் இருந்தபோது, அந்தப் பழைய காகிதத்தைத் தவிர அவனுக்கு நாம் கொடுக்கக்கூடிய கவசம் வேறென்ன இருந்தது?

இனி மற்றப் பாதி. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11-ஆம் தேதி நடந்த கொடுமைக்குப் பின்னர், அந்நாட்டு சர்க்காரும் மிலிட்டரிக்காரர் கேட்டதையே கேட்டது. 2002-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி, கியூபாவிலுள்ள குவாண்டானாமோ கடற்படைத் தளத்துக்கு முதல் இருபது பேரைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்களைப் போர்க்கைதிகள் என்று சொன்னால் ஜினீவா ஒப்பந்தம் குறுக்கே வரும். குற்றவாளிகள் என்று சொன்னால் நீதிமன்றம் குறுக்கே வரும். ஆகையால் இரண்டும் இல்லாத ஒரு பெயரை வைத்தார்கள்: 'எதிரிப் போராளிகள்.' அந்த இடம் கியூபாவின் மண், எங்கள் நீதிமன்றத்துக்கு அங்கே வேலையில்லை என்றும் வாதாடினார்கள். மொத்தம் 780 பேர் வரை அங்கே அடைக்கப்பட்டார்கள். அவர்களில் வழக்கு நடந்து தண்டனை பெற்றவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் குற்றம் சாட்டப்படாமலே பல வருஷம் இருந்து, பின் அனுப்பப்பட்டார்கள். 2006-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஜினீவாவின் குறைந்தபட்சப் பாதுகாப்பு இவர்களுக்கும் உண்டு என்றது. 2008-இல், தங்களை அடைத்து வைத்திருப்பது நியாயமா என்று நீதிபதியைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றது. 2025 ஜனவரியில் அங்கே இன்னும் பதினைந்து பேர் இருந்தார்கள்.

இதில் என்னை உறுத்துவது அந்தப் பெயர் மாற்றம். எழுத்தாளனுக்குச் சொற்களின் தந்திரம் கொஞ்சம் தெரியும். ஒருவனுக்கு எந்தச் சட்டத்திலும் இல்லாத பெயரைக் கொடுத்துவிட்டால், எந்தச் சட்டமும் அவனைத் தொடாது. இதற்கு நாம் அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் வேலூர்க் கோட்டை இருக்கிறது. அதற்குள் உள்ள திப்பு மஹாலில், 1990-களில் இலங்கைத் தமிழர்கள் வைக்கப்பட்டிருந்தார்கள். அது சிறைச்சாலை அல்ல, 'சிறப்பு முகாம்'. அவர்கள் கைதிகள் அல்லர், 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டப்படி ஓரிடத்தில் தங்க உத்தரவிடப்பட்டவர்கள். வெளியே போக முடியாது என்பது மட்டும் இரண்டுக்கும் பொது. சிறைவாசிக்காவது விடுதலைத் தேதி என்று ஒன்று இருக்கும். தண்டனை இல்லாதவனுக்குத் தண்டனைக்கு முடிவும் இல்லை என்ற விநோதம் அங்கே நடந்தது.

மிலிட்டரிக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நடந்தார். பிறகு தம்முடைய பழைய முகாமைப் பற்றிச் சொன்னார். "வந்த புதுசுல அவனுங்க யாரோடும் பேச மாட்டானுங்க சார். எப்ப சுடப்போறாங்கன்னு பார்த்துக்கிட்டு இருப்பானுங்க. ஒரு கார்டு கொடுப்போம். வீட்டு விலாசம், பேரு, உசிரோட இருக்கேன்னு எழுதலாம். அதை எழுதிக் கொடுத்தப்புறம் முகமே வேறயா ஆயிடும். ராத்திரி தூங்குவானுங்க."

அவர் அறியாமலே விஷயத்தின் மையத்தைத் தொட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். முகாமுக்கு வந்து சேர்ந்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு கைதியும் அப்படி ஓர் அட்டை எழுத வசதி செய்து தரவேண்டும் என்பது ஜினீவா விதி. முதல் உலக யுத்தத்தின்போது ஜினீவாவிலிருந்த செஞ்சிலுவைச் சங்கத்தார் எழுபது லட்சம் அட்டைகள் எழுதி அடுக்கி வைத்தார்களாம். எங்கோ ஒரு தாய் கடிதம் எழுதிக் கேட்டால், அட்டையைத் தேடி, இருக்கிறான், இன்ன முகாமில் இருக்கிறான் என்று பதில் போடுவதற்காக.

கைதியின் உரிமைகள் என்று நீண்ட பட்டியல் போடலாம். உணவு, உடை, மருந்து, அடிக்காமை, வழக்கறிஞர், விசாரணை. எல்லாம் வேண்டியவைதாம். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால், அஸ்திவாரமாக ஒன்று இருக்கிறது. 'அவன் எங்கே?' என்று வெளியிலிருந்து ஒருவர் கேட்டால், உள்ளேயிருந்து பதில் வரவேண்டும். அந்தப் பதில் வருகிற இடத்தில், அடிக்கிற கை தயங்கும். நாளைக்கு இவனைக் கொண்டுவந்து காட்டச் சொல்வார்களே என்ற பயம் இருக்கும். பதில் வராத இடத்தில் எதுவும் நடக்கலாம். நம் சட்டத்தில் ஆட்கொணர்வு மனு என்பது இந்த ஒரு கேள்விதான். ஆளைக் கொண்டுவா என்பதே அதன் பொருள்.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே பதில் மறுக்கப்பட்ட காலம் உண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், காவலில் வைக்கப்பட்டவருக்காக ஆட்கொணர்வு மனுப் போட உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கில் நீதிபதி எச். ஆர். கன்னா அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் ஒன்று கேட்டார்: ஒரு போலீஸ் அதிகாரி சொந்த விரோதத்தில் ஒருவனைக் கொன்றுவிட்டால்கூட நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா? தங்கள் வாதத்தின்படி கிடையாது என்றே பதில் வந்தது. கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். 1977-இல் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதிப் பதவி அவருக்கு இளையவருக்குப் போயிற்று. அவர் ராஜினாமா செய்தார். 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம், உயிருக்கான உரிமையை இனி எந்த நெருக்கடியிலும் நிறுத்தி வைக்க முடியாதபடி செய்தது. அந்த நால்வர் தீர்ப்பு தவறு என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிற்று. இடையில், கேட்பாரில்லை என்ற தைரியத்தில் என்ன நடந்தது? சென்னை மத்திய சிறையில் மிசாக் கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். அதை விசாரித்தவர், கம்பனில் தோய்ந்த நீதிபதி மு. மு. இஸ்மாயில். அன்று அடிபட்டவர்கள் பயங்கரவாதிகள் அல்லர். முன்னாள் அமைச்சர்களும் கட்சித் தொண்டர்களும்! வெடிகுண்டுக்காரனுக்கென்று வெட்டிய குழியில் யார் யார் விழுவார்கள் என்பதை வெட்டும்போது யாரும் அறிவதில்லை.

ராணுவ முகாமைப் பற்றியே ஒரு வழக்கு உண்டு. மணிப்பூரில் 1982 மார்ச்சு மாதம், ஒரு கிராமத்திலிருந்து இருவரை ராணுவத்தினர் முகாமுக்கு அழைத்துச் சென்றார்கள். அவர்கள் திரும்பவில்லை. செபாஸ்டியன் ஹோங்ரே என்ற மாணவர் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். இருவரையும் கொண்டுவந்து நிறுத்தும்படி 1983-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்கள் முகாமை விட்டு எப்போதோ போய்விட்டார்கள் என்று பதில் வந்தது. நீதிமன்றம் அதை நம்பவில்லை. 1984-இல் இருவரின் மனைவியருக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிற்று. பணம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த வழக்கு வீண் என்று நான் சொல்லமாட்டேன். ராணுவ முகாமின் வாசலில் நின்று கேட்கிற உரிமை ஒரு மாணவனுக்கு இருக்கிறது என்று அது நிலைநாட்டியது.

கடலுக்கு அப்பால் நம் இனத்தாருக்கு அதுவும் வாய்க்கவில்லை. 2009 மே மாதம், முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிகிற தறுவாயில், வட்டுவாகல் பக்கம் எத்தனையோ குடும்பத்தார் தங்கள் கணவன்மாரையும் பிள்ளைகளையும் தங்கள் கையாலேயே ராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிறகு செய்தி இல்லை. மனுப் போட்டார்கள். கமிஷன்களின் முன் சாட்சி சொன்னார்கள். 2017 பிப்ரவரி 20-ஆம் தேதி கிளிநொச்சியில் தாய்மார்கள் தெருவோரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2020 ஜனவரியில் அந்நாட்டு ஜனாதிபதி, காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், மரணச் சான்றிதழ் தரப்படும் என்றார். எப்படி இறந்தார்கள், எங்கே, யார் கையில் என்பதற்கு அதில் பதில் இல்லை.

நியாயத்துக்கு இரண்டு அளவுகோல் கிடையாது. ஆகையால் இதையும் சொல்லவேண்டும். 1990 ஜூனில் கிழக்கு மாகாணத்தில் சரணடைந்த நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்களைப் புலிகள் கொன்றார்கள். அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள்.

கிளிநொச்சித் தாயின் நிலையை வாசகர்கள் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். மகன் இருக்கிறான் என்று வைத்துக்கொண்டால், அவனுக்காகப் பெண் பார்க்கலாம், பண்டிகைக்கு ஒரு துணி எடுத்து வைக்கலாம். இறந்தான் என்று தெரிந்தால், அழுது தீர்த்து, காரியம் செய்து, ஆண்டுக்கொரு நாள் எள்ளும் தண்ணீரும் விடலாம். இரண்டும் இல்லை. திதி கொடுத்தால் பிள்ளையைத் தானே கொன்றது போலாகும். கொடுக்காவிட்டால், இறந்திருந்தால் அவன் பசியோடு இருப்பானே என்ற பயம். மருமகள் பொட்டு வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று தெரியாமல் கண்ணாடி முன் நிற்கிறாள். கைதியைக் கொன்றவன் ஓர் உயிரைக் கொல்லுகிறான். கொன்றதை மறைத்தவன், உயிரோடிருக்கும் ஒரு குடும்பத்தை நாள்தோறும் வதைக்கிறான். கியாசுத்தீன் வல்லாளனின் தோலை மதிலில் தொங்கவிட்டது குரூரத்தின் எல்லை. இருந்தாலும் செய்தி திருவண்ணாமலைக்கு வந்தது, காரியம் நடந்தது. நம் காலத்தில் அந்தக் குரூரத்தையும் தாண்டி ஒரு நாகரிகம் வளர்ந்திருக்கிறது. அது தடயத்தையே வைப்பதில்லை.

மிலிட்டரிக்காரரின் கடைசிக் கேள்வி இன்னும் இருக்கிறது. "கார்த்திகை தீபத்தன்னிக்கு லட்சக்கணக்கில ஜனம் நிக்குது. எங்கேயோ குண்டு இருக்கு. வெச்சவன் நம்ம கையில இருக்கான். அவன் பேரை எழுதிக்கிட்டு, கார்டு கொடுத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்களா சார்?"

தீபக் கூட்டத்தில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தவனுக்கு, இந்தக் கேள்வி வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. கையில் இருப்பவன் குண்டு வைத்தவன்தான் என்பது கேள்வியிலேயே முடிவாகிவிட்டது. வாழ்க்கையில் அப்படி யார் நமக்கு எழுதிக் கொடுக்கிறார்கள்? கையில் இருப்பவன் சந்தேகத்தின்பேரில் பிடிபட்டவன். அடித்தால் பேசுவான் என்பது உண்மை. உண்மையைப் பேசுவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. லிபியாக்காரர் ஒருவரை வதைத்து, ஈராக்குக்கும் அல்கொய்தாவுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல வைத்தார்கள். 2003 பிப்ரவரியில் ஐ. நா. சபையில் அதைச் சாட்சியாகப் படித்தார்கள். யுத்தம் வந்தது. மறு வருஷம், வலி பொறுக்காமல் சொன்ன பொய் அது என்று அவர் மறுத்தார். அதற்குள் செத்தவர்கள் செத்தார்கள். போலீசாரிடம் சொன்ன வாக்குமூலம் சாட்சியமாகாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். கருணையால் எழுதினான் என்று நான் நினைக்கவில்லை. லத்தியின் சாட்சியத்தை வைத்து ராஜ்யம் நடத்த முடியாது என்று அனுபவத்தில் கண்டு எழுதியிருக்கிறான்.

இவ்வளவுக்கும் பிறகு, ஆயிரத்தில் ஒருநாள் அவர் சொன்னது போலவே நடந்துவிடலாம். அதை மறுக்க எனக்குத் துணிவு இல்லை. அன்று ஓர் அதிகாரி வரம்பு மீறினால், மறுநாள் அவர் பகல் வெளிச்சத்தில் நீதிமன்றத்தில் வந்து நின்று, செய்தேன், இந்தக் காரணத்துக்காகச் செய்தேன் என்று சொல்லட்டும். அவரை மன்னிப்பதா தண்டிப்பதா என்று நீதிபதி யோசிக்கட்டும். அந்த ஒருநாளைக் காட்டி, மற்ற நாட்களுக்கெல்லாம் இருட்டறைக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கக் கூடாது. விலை கொடுக்காமல் எந்தத் தர்மத்தையும் வைத்திருக்க முடியாது. தண்ணீர் கேட்டவன் நல்லவனா என்று விசாரித்துவிட்டுத் தண்ணீர் கொடுப்பது வியாபாரம்.

மிலிட்டரிக்காரர் முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வயதுக்கும் அனுபவத்துக்கும் அது அழகுமல்ல. "பேரை எழுதணும். அதை நான் ஒத்துக்கறேன். யாரா இருந்தாலும் பேரை எழுதி, வீட்டுக்குச் சொல்லணும். எங்க ஆளுங்க அம்பத்து நாலு பேரு இன்னிக்கு வரைக்கும் எங்கேன்னு தெரியலையே" என்றார். 1971 யுத்தத்தில் காணாமற்போன நம் வீரர்களைத்தான் சொன்னார். பாகிஸ்தான் சிறைகளில் இருக்கிறார்கள் என்று அவர்களுடைய குடும்பத்தார் நம்பிப் பல ஆண்டுகள் அலைந்தார்கள். எங்களிடம் இல்லை என்பதுதான் அங்கிருந்து வந்த பதில். அந்த வீரர்களின் தாய்க்கும் கிளிநொச்சித் தாய்க்கும் மணிப்பூர் மனைவிக்கும் வேற்றுமை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பத்திரிகை படிக்கிற நாம் இதில் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்கலாம். பெரிதாக ஒன்றும் முடியாது. ஆனால் ஒன்று முடியும். 1996-ஆம் ஆண்டு டி. கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சில விதிகளைச் சொன்னது. கைது செய்பவர் தம் பெயர் தெரியும்படி இருக்கவேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்திடவேண்டும். உறவினருக்குத் தகவல் போகவேண்டும். நாற்பத்தெட்டு மணிக்கு ஒருமுறை வைத்தியர் பார்க்கவேண்டும். இவை நம் தெருவில் யாரையேனும் அழைத்துக்கொண்டு போகும் போதும் பொருந்தும். அவன் திருடனாக இருக்கலாம், நமக்குப் பிடிக்காத கட்சிக்காரனாக இருக்கலாம், வேறு மதத்தானாக இருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடாமல், வாசலில் நின்று, 'இவரை எங்கே அழைத்துப் போகிறீர்கள்?' என்று ஒரு குரல் கேட்கலாம். கேட்பவர் சாதாரண மனிதராக இருந்தால் போதும். கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்த கைதி இரவில் சற்றுத் தூங்குவான். கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்த காவலன் சற்று மனிதனாக இருப்பான்.